பற்றுவரவு ஏட்டிலிருந்து பிறந்த சொகுசு: மோகன் சிங் ஓபராயின் தொழில்வாழ்வு

தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘ஓட்டல்’ என்றால் பெரும்பாலும் உணவகத்தையே குறிக்கும். தங்குவதற்கு இடம் தருவது ‘லாட்ஜ்’ அல்லது ‘விடுதி’. சொகுசு விடுதி என்பது இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, பணிவிடை என்ற மூன்றாவது பொருளையும் சேர்த்து, மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லும் தொழில். பளிங்குத் தரையும் சரவிளக்கும் பூச்சாடியும் வருகிறவர் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைத் தாங்கி நிற்கும் கணக்கு மட்டும் அவர் கண்ணில் படுவதேயில்லை. இந்தியாவில் இத்தொழிலுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவரான மோகன் சிங் ஓபராயின் (1898–2002) வாழ்க்கையை ஆராயும்போது, கண்ணில் படாத அந்தக் கணக்குப் பக்கத்திலிருந்துதான் அவருடைய சொகுசு பிறந்தது என்பது தெளிவாகிறது. ஏழ்மையிலிருந்து செல்வத்துக்கு உயர்ந்த ஒருவரின் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டால், அவர் உண்மையில் கண்டுகொண்டது என்ன என்பது விடுபட்டுப்போகும்.

அழுகும் சரக்கு

விடுதித் தொழிலின் அடிப்படைச் சிக்கல் ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். துணிக்கடையில் இன்று விற்காத வேட்டி நாளை விற்கும்; ஆனால் விடுதியில் இன்றிரவு ஆள் வராத அறையை நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது. அந்த இரவின் வருமானம் போனது போனதுதான். எனவே விடுதியின் அறை என்பது, பார்வைக்குக் கல்லும் மரமும் ஆனாலும், கணக்கில் கீரைக்கட்டைப்போல ஒரே நாளில் வாடிவிடும் சரக்கு. மறுபக்கம், அறை நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் சமையற்காரருக்கும் காவலருக்கும் தோட்டக்காரருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வெந்நீர் கொதிக்க வேண்டும். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். இவ்வாறு செலவு ஓரிடத்தில் நிலைத்து நிற்க, வரவு நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், மொத்த அறைகளுள் எத்தனை நிரம்பின என்பதைக் காட்டும் ‘நிரம்பல் விகிதம்’ இத்தொழிலின் நாடித்துடிப்பாக அமைகிறது. அந்த விகிதம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் விற்கும் ஒவ்வோர் அறையின் வருமானத்திலும் பெரும்பகுதி இலாபமாகச் சேரும். அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால், எவ்வளவு அழகான கட்டடமும் உரிமையாளரை விழுங்கிவிடும். ஓபராய் வாங்கிய விடுதிகளுள் முக்கியமானவை இந்த எல்லைக்குக் கீழே விழுந்து கிடந்தவை அல்லது உரிமையாளர் விட்டுப்போக விரும்பியவை என்பது தற்செயலன்று.

பௌன் முதல் சிம்லா வரை

ஓபராய் 1898 ஆகஸ்ட் 15 அன்று, இன்று பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபின் பௌன் என்ற சிற்றூரில் பிறந்தார். பெஷாவரில் ஒப்பந்தக்காரராக இருந்த தந்தை, குழந்தைக்கு ஆறு மாதமாகும்போதே இறந்துவிட, தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். ராவல்பிண்டியில் பள்ளிப்படிப்பையும் லாகூரில் இடைநிலைக் கல்லூரிப் படிப்பையும் முடித்தவர், பணமின்மையால் மேலே படிக்க முடியாமல் அமிர்தசரஸில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். அந்தத் தகுதியை வைத்து வேலை கிடைக்கவில்லை. உறவினர் தயவில் லாகூரில் ஒரு காலணித் தொழிற்கூடத்தில் சேர்ந்தார். அதுவும் பண நெருக்கடியில் மூடப்பட்டது. ஊர் திரும்பினால் அங்கே பிளேக் பரவியிருந்தது. 1922இல், தாயார் கொடுத்த இருபத்தைந்து ரூபாயுடன், அரசாங்க இளநிலை எழுத்தர் தேர்வு எழுதுவதற்காகச் சிம்லா சென்றார். தேர்வில் வெற்றி பெறவில்லை.

அன்றைய சிம்லா சாதாரண மலை ஊரன்று. வெயில் காலம் முழுவதும் வைஸ்ராயும் அவருடைய செயலகமும் அங்கிருந்தே நாட்டை ஆண்டதால், பேரரசின் பாதி ஆண்டுத் தலைநகரமாக அது விளங்கியது. 1903இல் கல்காவிலிருந்து மலைப்பாதை ரயில் வந்தபின் அதிகாரிகள், மன்னர்கள், வழக்கறிஞர்கள், அரசியல் தலைவர்கள் எனப் பலரும் பருவந்தோறும் வந்து தங்கினர். அந்த ஊரின் முதல்தர விடுதிகளுள் ஒன்றான செசில், அசோசியேட்டட் ஓட்டல்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் மேலாளரான குரோவ் என்ற ஆங்கிலேயரை அணுகி வேலை கேட்ட இளைஞருக்கு, மாதம் நாற்பது ரூபாய் சம்பளத்தில் பில் எழுத்தர் பணி கிடைத்தது.

அந்தப் பணியின் தன்மையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் ஓபராயின் பிற்கால அறிவு முழுவதற்கும் அதுவே பள்ளிக்கூடம். பெரிய விடுதியில் தங்குகிற ஒவ்வொருவர் பெயரிலும் ஏட்டில் ஒரு பக்கம் திறக்கப்படும். அறை வாடகை, காலைத் தேநீர், விருந்தாளிக்கு வாங்கிக் கொடுத்த மது, சலவைக்குப் போட்ட சட்டை, குளிருக்கு மூட்டிய கணப்பு எனச் செலவு ஒவ்வொன்றும் துண்டுச் சீட்டாக வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும். அவற்றைச் சரியான பக்கத்தில் ஏற்றி, விருந்தினர் பெட்டியைக் கட்டிப் புறப்படுவதற்குள் கூட்டுத்தொகை போட்டு நீட்ட வேண்டும். ஒரு சீட்டு தவறினால் விடுதிக்கு நட்டம். இருமுறை ஏறினால் விருந்தினருக்குக் கோபம். சமையலறை, சலவையறை, மதுக்கூடம், வரவேற்பு மேசை ஆகியவை ஒன்றையொன்று பார்க்காமல் தத்தம் வேலையைச் செய்யும்போது, எல்லாவற்றின் தடமும் வந்து சேரும் ஒரே இடம் பில் மேசைதான். ஒரு விடுதியில் பணம் எங்கே பிறக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பதை அங்கு உட்கார்ந்திருப்பவரைவிடத் தெளிவாக வேறு எவரும் காண இயலாது.

கிளார்க்ஸ்: நகையை அடகு வைத்து வாங்கிய விடுதி

குரோவுக்குப் பின் பொறுப்பேற்ற எர்னஸ்ட் கிளார்க் என்பவருக்குச் சுருக்கெழுத்து தெரிந்த உதவியாளர் தேவைப்பட்டார். அமிர்தசரஸில் கற்று வீணானதாகத் தோன்றிய கலை இங்கே கைகொடுத்தது. கிளார்க் பின்னர்ச் செசிலை விட்டு விலகித் தனியே தொழில் தொடங்கியபோது ஓபராயையும் உடன் அழைத்துக்கொண்டார். சிம்லாவில் கார்ல்ட்டன் என்றிருந்த விடுதியை எடுத்துத் தம் பெயரால் கிளார்க்ஸ் என்று நடத்தலானார். கிளார்க் தம்பதியர் விடுப்பில் தாய்நாடு சென்றிருந்த மாதங்களில் விடுதியின் முழுப்பொறுப்பும் ஓபராய் கைக்கு வந்தது. அந்த இடைவெளியில் நிரம்பல் விகிதத்தை இருமடங்காக்கி எண்பது விழுக்காட்டுக்குக் கொண்டுவந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். இந்தியாவை விட்டுப் போக எண்ணியிருந்த கிளார்க், விடுதியை விற்க முன்வந்தார். கையிருப்பு போதாமல், தம் சொத்துகளையும் மனைவி இஷ்ரான் தேவியின் நகைகளையும் அடகு வைத்து, 1934 ஆகஸ்ட் 14 அன்று ஓபராய் அதன் தனி உரிமையாளரானார்.

நம் குடும்பங்களில் நகை என்பது அலங்காரத்தைவிடக் காப்பு என்ற பொருளிலேயே மதிக்கப்படுவது; கெட்ட காலத்துக்கென்று வைத்திருப்பதை எடுத்து ஒருவர் தொழிலில் போடுகிறார் என்றால், அது வெறும் துணிச்சலாக இருக்க முடியாது. அந்த விடுதியின் ஒவ்வோர் அறையும் எந்த மாதத்தில் எவ்வளவு ஈட்டும் என்பதை ஆண்டுக்கணக்கில் ஏட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் எடுத்த முடிவு அது. அந்தக் காப்பைக் கழற்றிக் கொடுத்தவர் இஷ்ரான் தேவி என்பதால், ஓபராய் நிறுவனத்தின் முதல் முதலீட்டாளர் என்று சொல்லத்தக்கவரும் அவரே.

கிராண்ட்: பயம் மூடிய கதவைத் திறந்தவர்

கல்கத்தாவின் சௌரங்கி வீதியில் திருமதி மாங்க் என்பவர் நடத்திய தங்கல்மனையாகத் தொடங்கி, பக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு விரிந்த இடத்தை, இஸ்பஹானிலிருந்து வந்த அர்மேனிய நகை வணிகர் அரத்தூன் ஸ்டீபன் கிராண்ட் ஓட்டலாக வளர்த்தார். அருகிலிருந்த தியேட்டர் ராயல் 1911இல் தீக்கிரையானபின் அந்த மனையும் விடுதியோடு சேர்ந்தது. ஸ்டீபன் 1927இல் மறைந்தபின், 1930களில் நகரில் பரவிய டைபாய்டு காய்ச்சலுக்கு விடுதியில் தங்கியிருந்தவர்களுள் ஆறுபேர் பலியாக, கழிவுநீர்க் குழாய்கள்மீது சந்தேகம் விழுந்து, 1937இல் விடுதி மூடப்பட்டது.

இங்கே ஓபராய் கண்டதும் மற்றவர்கள் கண்டதும் வேறு வேறு. வாங்க வந்தவர்கள் நோய் பிடித்த கட்டடத்தைப் பார்த்தார்கள். அவரோ நகரின் நடுவே நூற்றுக்கணக்கான அறைகளுடன் நிற்கும் நல்ல கட்டடத்தையும், சரிசெய்யக்கூடிய குழாய்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். 1938 வாக்கில் குத்தகைக்கு எடுத்து, மறுஆண்டு மீண்டும் திறந்தார். விரைவில் இரண்டாம் உலகப்போர் மூண்டு, கல்கத்தா கீழ்த்திசைப் போர்முனையின் பின்தளமாக மாற, ஆயிரக்கணக்கான படைவீரர்கள் கிராண்டில் தங்கவைக்கப்பட்டனர். அறைகள் நிரம்பாத நாள் இல்லை. போர் வரும் என்று கணித்து அவர் குத்தகை எடுக்கவில்லை. ஆனால் யாரும் தொடாத காலத்தில் மலிவாக எடுத்துவைத்தவருக்கே எதிர்பாராத நல்வாய்ப்பு பெரிய ஆதாயமாகும் என்ற வணிக உண்மை இங்கே மெய்ப்பட்டது. 1943இல் கிராண்ட் அவருடைய சொத்தானது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. அசோசியேட்டட் ஓட்டல்ஸ் ஆஃப் இந்தியாவின் பங்குகளைச் சேர்த்து, அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டை ஓபராய் பெற்றார். சிம்லாவில் செசிலும் கார்ஸ்டார்பன்ஸும், தில்லியில் மெய்டன்ஸும் இம்பீரியலும், லாகூரில் பலெட்டிஸ், ராவல்பிண்டியில் பிளாஷ்மன்ஸ், பெஷாவரில் டீன்ஸ், மரியில் இன்னொரு செசில் என, வட இந்தியாவின் மிகப்பெரிய விடுதித் தொடர் முதன்முதலாக ஓர் இந்தியர் கைக்கு வந்தது. வெள்ளையர் முதலாளிகளாகவும் இந்தியர் எழுத்தர்களாகவும் பணியாளர்களாகவும் இருந்த ஒரு தொழிலில், நாற்பது ரூபாய்க்குப் பில் எழுதியவர் இருபத்தொரு ஆண்டுகளில் அந்த மேசைக்கே உரிமையாளரானார். பிரித்தானிய அரசு அவ்வாண்டு அவருக்கு ராய் பகதூர் பட்டம் அளித்தது.

பிரிவினையும் புதிய வாடிக்கையாளரும்

1947இன் பிரிவினை இந்தத் தொடரை இரண்டாக வெட்டியது. லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர், மரி ஆகிய ஊர்களிலிருந்த நான்கு விடுதிகளும் எல்லைக்கு அப்பால் போயின. 1965 போருக்குப் பின் அவை குழுமத்தின் கையைவிட்டே போயின. ஓபராய் பிறந்த ஊரும் அப்பக்கமே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்திலோ வேறொரு சிக்கல்: சிம்லாவின் பருவகால ஆட்சி முடிந்துபோக, வைஸ்ராயின் அதிகாரிகளை நம்பியிருந்த விடுதிகளுக்கு வாடிக்கையாளரே இல்லாமல் போயினர். 1949இல் ஈஸ்ட் இந்தியா ஓட்டல்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்த ஓபராய், அடுத்த வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்கினார்.

விடை வானத்திலிருந்து வந்தது. ஜெட் விமானப் போக்குவரத்து தொடங்கியபின், கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து மாதக்கணக்கில் தங்கிய பழைய பயணியின் இடத்தில், ஓரிரவில் வந்து மூன்று நாள் தங்கித் திரும்பும் வணிகரும் சுற்றுலாப் பயணியும் தோன்றினர். ஓபராய் 1959இல் விமானப் பயணிகளுக்கு உணவு தயாரித்து வழங்கும் தொழிலைத் தொடங்கினார். 1965இல், பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தின் துணை அமைப்பாகிய இன்டர்கான்டினென்டலுடன் கூட்டுச் சேர்ந்து, தில்லியில் ஓபராய் இன்டர்கான்டினென்டலைத் திறந்தார். இந்தக் கூட்டின் பொருளை விளக்க வேண்டும். நியூயார்க்கில் பயணச்சீட்டு வாங்கும் ஒருவருக்குத் தில்லியில் எந்த விடுதி நல்லது என்று தெரியாது. தமக்கு அறிமுகமான பெயர் பலகையில் இருந்தால் அங்கேயே முன்பதிவு செய்வார். கட்டடமும் பணியாளரும் இந்தியாவுடையவை, பெயரும் முன்பதிவு வலையும் அயல்நாட்டவை என்ற இந்த ஏற்பாடு, 1973இல் பம்பாயின் நரிமன் முனையில் முப்பத்தைந்து மாடிகளுடன் எழுந்த ஓபராய் ஷெரட்டனிலும் தொடர்ந்தது. ஆயினும் தம் பெயரை முன்னால் வைத்தே கூட்டுச் சேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அயல்பெயர் விலகிய பின்னும் ஓபராய் என்ற பெயர் தனித்து நிற்க அதுவே வழிசெய்தது.

அயல்நாடுகளில் அவர் வேறு உத்தியைக் கையாண்டார். மேலாண்மை ஒப்பந்தம் எனப்படும் அம்முறையில், கட்டடம் வேறொருவருடையது. அதை நடத்தும் நிறுவனம் தன் பெயரையும் பயிற்சி பெற்ற ஆட்களையும் முறைகளையும் கொடுத்துக் கட்டணம் பெறும். கெய்ரோவுக்கு அருகே, கீசா பிரமிடுகளின் அடியில் நிற்கும் மேனா ஹவுஸ், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் சியாங் கை ஷேக்கும் 1943இல் கூடிப் பேசிய இடம். எகிப்து அரசுக்குரிய அந்த விடுதியை 1970களின் தொடக்கம் முதல் நாற்பதாண்டுக் காலம் ஓபராய் நிறுவனம் நடத்தியது. கொழும்பில் லங்கா ஓபராய் என்று அறியப்பட்டு இன்று வேறு பெயரில் இயங்கும் விடுதியும் அக்காலத்ததே. இந்தியாவில் விடுதியை வாங்கித் தொழில் நடத்தியவர், கற்ற தொழிலையே அயல்நாடுகளுக்கு விற்கும் நிலைக்கு உயர்ந்திருந்தார்.

ஆளைச் செய்யும் பள்ளி

அத்தகைய விற்பனைக்குத் தேவையான மூலப்பொருள் பயிற்சி பெற்ற மனிதர்கள். 1966இல் ஓபராய் விடுதி மேலாண்மைப் பள்ளியை நிறுவினார்; அதுவே பின்னர்த் தில்லியில் ஓபராய் கற்றல் மற்றும் மேம்பாட்டு மையமாக வளர்ந்தது. விடுதி வேலை என்றால் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் செய்யத்தகாத வேலை என்று நினைத்த காலத்தில், பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, சமையலறையிலும் அறைப் பராமரிப்பிலும் வரவேற்பிலும் மாறி மாறி வேலை செய்யவைத்து மேலாளர்களாக்கியது அப்பள்ளி. பெண்களை இத்தொழிலில் வெளிப்படையாகப் பணியமர்த்திய முன்னோடிகளுள்ளும் ஓபராய் இடம்பெறுகிறார். இன்று இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பிற நிறுவனங்களின் விடுதிகளை நடத்துவோருள் அப்பள்ளியில் பயின்றவர்கள் பலர். தம் போட்டியாளர்களுக்கும் சேர்த்து ஆள் தயாரித்துக் கொடுத்த இந்தப் பள்ளியே, அவருடைய கட்டடங்கள் எதனினும் நீண்டு நிற்கக்கூடிய கொடை.

ஒரு பில், ஒரு தீர்ப்பு

இந்திய வரிச்சட்டத்தின் வரலாற்றிலும் ஓபராயின் நிறுவனத்துக்கு ஓர் இடமுண்டு. பொதுவான வாழ்க்கை வரலாறுகள் அதைப் பெரிதும் கவனிப்பதில்லை. தங்குமிடம், உணவு, பணிவிடை ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் செசில் போன்ற விடுதியில், உணவுக்குரிய பகுதியைத் தனியே பிரித்து விற்பனை வரி விதிக்கலாமா என்ற வழக்கு, இமாசலப் பிரதேச அரசுக்கும் அசோசியேட்டட் ஓட்டல்ஸுக்கும் இடையே நடந்து, 1972இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தங்க வருகிறவருடன் விடுதி செய்துகொள்வது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம். அது சாரத்தில் பணிவிடைக்கான ஒப்பந்தமே. அதற்குள் உணவு ‘விற்பனை’ என்று தனியே ஒன்று நிகழவில்லை என்பது தீர்ப்பு. 1978இல் வேறொரு வழக்கில் இதே கருத்து உணவகங்களுக்கும் நீட்டிக்கப்பட, வரி வருமானத்தை இழந்த மாநிலங்களுக்காக 1982இல் அரசமைப்புச் சட்டத்தின் நாற்பத்தாறாவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. சொகுசு விடுதி என்பது பொருளை விற்கிறதா, பணிவிடையை விற்கிறதா என்ற கேள்வி, 1922இல் ஓபராய் எழுதத் தொடங்கிய அதே செசில் விடுதியின் பில்லிலிருந்து புறப்பட்டு நாட்டின் அரசமைப்புச் சட்டம் வரை சென்றது.

வாரிசும் வரம்புகளும்

ஓபராய் 1962 முதல் 1968 வரையிலும் 1972 முதல் 1978 வரையிலும் மாநிலங்களவையிலும், இடையில் ஹசாரிபாக் தொகுதியின் சார்பில் மக்களவையிலும் உறுப்பினராக இருந்தார். மூத்த மகன் திலக் ராஜ் 1984இல் மறைந்தபின், இளைய மகன் பிருத்வி ராஜ் சிங் ஓபராய் (1929–2023) பொறுப்பை ஏற்று, தந்தையின் பாதையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். தந்தை விழுந்த கட்டடங்களைத் தூக்கி நிறுத்தினார். மகன் ஜெய்ப்பூரின் ராஜ்விலாஸ் (1997), ஆக்ராவின் அமர்விலாஸ் (2001), உதய்ப்பூரின் உதய்விலாஸ் (2002) எனப் பழைய அரண்மனைகளின் சாயலில் புதிய விடுதிகளை அடியிலிருந்து எழுப்பினார். சொகுசுக்கு ஒரு படி கீழே, வணிகப் பயணிகளுக்கென உருவாக்கிய டிரைடன்ட் என்ற வகையின் முதல் விடுதி 1988இல் திறக்கப்பட்ட இடம் சென்னை.

இந்த வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. சொந்தக் கட்டடம், உயர்தரப் பொருள், ஒரு விருந்தினருக்குப் பலராக ஆட்கள் என்ற முறை பெருமுதலை விழுங்குவது. அதற்கான வருமானமோ போர், பயங்கரவாதம், பொருளாதார மந்தம் ஆகியவற்றால் ஒரே நாளில் வற்றக்கூடியது. ஈஸ்ட் இந்தியா ஓட்டல்ஸின் பங்குகள் பொதுச்சந்தையில் இருந்ததால், ஐடிசி நிறுவனம் கணிசமான பங்கைச் சேர்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. 2010இல் ஓபராய் குடும்பம் 14.12 விழுக்காட்டுப் பங்கை 1,021 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் குழுமத்துக்கு விற்று, கட்டுப்பாட்டைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்ள வழிதேடியது. பிறர் நிறுவனத்தின் பங்குகளைச் சேர்த்து 1943இல் அதைக் கைப்பற்றியவரின் குடும்பம், அதே வழியில் தன் நிறுவனம் கைமாறிவிடுமோ என்று காவல் காக்க நேர்ந்தது.

ஏழை நாட்டில் சொகுசு விடுதி எதற்கு என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. அதற்கு நேர்மையான விடை, அந்த விடுதிகள் ஏழ்மையைப் போக்கின என்பதன்று. விடுதி வேலையை வெள்ளையருக்குச் செய்யும் ஊழியம் என்ற நிலையிலிருந்து மீட்டு, கற்பிக்கத்தக்க, அளக்கத்தக்க, உயரத்தக்க ஒரு தொழிலாக அவை மாற்றின என்பதே அது. இந்த மாற்றத்தை ஓபராய் தனியொருவராகச் செய்யவில்லை. டாட்டாக்களின் தாஜ்மகால் விடுதி 1903லேயே பம்பாயில் எழுந்தது. ஆனால் டாட்டாக்களுக்கு ஆலை முதலாளிகளின் மூலதனம் பின்புலமாக இருந்தது. கடைநிலை மேசையில் உட்கார்ந்து, ஒழுகும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த அறிவையே மூலதனமாக்கி மேலே வந்தவர் ஓபராய் ஒருவரே. அதனால்தான் அவருடைய சொகுசில் ஆடம்பரத்தைவிட ஒழுங்கு முந்தி நிற்கிறது.

2001இல் பத்ம பூஷண் விருது பெற்ற ஓபராய், 2002 மே 3 அன்று, தம் நூற்றுமூன்றாம் வயதில் தில்லியில் காலமானார். அவர் நாற்பது ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த செசிலும், மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய கிளார்க்ஸும் சிம்லாவின் அதே மலைச்சரிவில் இன்றும் இயங்குகின்றன. இரண்டையும் ஓபராய் குழுமமே நடத்துகிறது.